அக்குளில் தோன்றும் கட்டி: காரணங்களும் கடமைகளும்

(திருச்சிராப்பள்ளியில் விழாவினை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உடலின் உறுப்புகளுள் அதிகம் பேசப்படாத இடம் அக்குள். அதனைக் கக்கம் என்றும் கூறுவர். நீராடும்போது அவ்விடத்தில் ஒரு சிறு கட்டி கைக்குத் தட்டுப்படுமாயின், அதனை வீட்டாரிடம் சொல்லவும் கூச்சம். மருத்துவரிடம் காட்டவும் கூச்சம். கூச்சத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டால் வாரங்கள் மாதங்களாகிவிடுகின்றன. அக்குளில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை; பல தாமே மறைந்துவிடுபவை. ஒரு சில மட்டும் கடுநோயின் முதல் அறிகுறி. எது எவ்வகை என்று எவ்வாறு அறிவது, எத்தனை நாள் பொறுத்திருக்கலாம், எப்போது பொறுத்தல் பிழையாகும் என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அக்குளின் அமைப்பு

இரத்தக் குழாய்களில் ஓடும் குருதியிலிருந்து ஒரு பகுதி நீர் கசிந்து தசைகளுக்கும் திசுக்களுக்கும் இடையே பரவுகிறது. முக்கொம்பில் காவிரியின் மிகை வெள்ளத்தைக் கொள்ளிடம் ஏற்றுக்கொள்வதைப் போல, இந்த மிகை நீரை ஏற்றுச் செல்வதற்கென்றே உடலில் நுண்குழாய்கள் உள்ளன. அந்நீருக்கு நிணநீர் என்று பெயர். அது மீண்டும் குருதியில் கலப்பதற்கு முன், வழியில் பல நிணநீர் முடிச்சுகளைக் கடந்து செல்கிறது. அவை வடிகட்டிகள், கிருமிகளையும் வேண்டாத பொருள்களையும் தடுத்து நிறுத்தும் காவல் நிலையங்கள்.

ஒவ்வோர் அக்குளிலும் ஏறத்தாழ 20 முதல் 40 முடிச்சுகள் இருக்கின்றன. விரல் நுனி முதல் தோள் வரையுள்ள கை முழுவதும், மார்புச் சுவர், மார்பகம், முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களிலிருந்து வரும் நிணநீர் அங்கே வந்து சேர்கிறது. ஆகவே அக்குளில் ஒரு முடிச்சு வீங்கியிருப்பின், நோயின் இருப்பிடம் அக்குளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கையிலோ மார்பிலோ நிகழ்ந்த ஒன்றினை அம்முடிச்சு அறிவிக்கிறது. இவ்வீக்கத்தையே நாட்டு வழக்கில் ‘நெறி கட்டுதல்’ என்பர்.

கையில் புண், அக்குளில் நெறி

நெறி கட்டுவதற்கு மிகப் பொதுவான காரணம் கையில் ஏற்படும் புண். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியின் பூச்சந்தையில் நாள் முழுவதும் மலர்களைக் கையாள்வோர்க்கு ரோஜா முள் குத்துகிறது. கொள்ளிடக் கரையின் வாழைத் தோட்டங்களில் அரிவாள் கீறுகிறது. பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் கையில் இரும்புத் துகள் ஏறுகிறது. இல்லத்தரசியர்க்குக் காய் நறுக்கும்போது வெட்டுக்காயம் படுகிறது. சிலர்க்கு நகச்சுற்று வந்து சீழ் பிடிக்கிறது. புண் சிறியதாகையால் மறந்துபோகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து அக்குளில் வலியோடு ஒரு கட்டி தோன்றும்போது, அதற்கும் விரலில் பட்ட காயத்துக்கும் உள்ள தொடர்பு நினைவுக்கு வருவதில்லை.

இத்தகைய நெறி தொட்டால் வலிக்கும். விரலுக்கு அடியில் நழுவி அசையும். புண் ஆறினால் நெறியும் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கும். பத்துப் போடுவதும், அழுத்தித் தேய்ப்பதும், ஊசியால் குத்திப் பார்ப்பதும் கூடாது. காயத்திலிருந்து கையின் மேல்நோக்கிச் செந்நிறக் கோடு ஏறி, குளிர்காய்ச்சலும் காணுமாயின், கிருமி நிணநீர்க் குழாய்களில் பரவுகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டு விலங்குகளுக்கு அன்னமிடும் இல்லத்தார் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. பூனைக்குட்டியின் நகக்கீறல் வழியாக ஒரு வகைக் கிருமி உடலில் நுழைந்து, சில வாரங்களில் அக்குளில் நெறியை உண்டாக்குவதுண்டு. பூனைகளுக்கிடையே அக்கிருமியைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. கீறல் பட்ட இடத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

சொறி, சிரங்கு, கீல்வாதம், அம்மை முதலியவற்றாலும் நெறி கட்டுவதுண்டு. யானைக்கால் நோய்க் கிருமி கையைத் தாக்குமிடத்தும் அக்குளில் வீக்கம் தோன்றலாம். தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கொசுவே அதனைப் பரப்புகிறது. முதியோர் சிலர் நெறி என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1896இல் பம்பாயில் தோன்றிப் பின் நாடெங்கும் பரவிய பிளேக் என்னும் கொள்ளைநோய், தொடை இடுக்கிலும் அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டியே வெளிப்பட்டது. அக்காலம் கடந்துவிட்டது, அச்சம் மட்டும் சில இல்லங்களில் எஞ்சியிருக்கிறது.

தோலிலும் தோலுக்கு அடியிலும் தோன்றுவன

எல்லாக் கட்டியும் நெறி ஆகாது. மயிர்க்கால்களில் கிருமி புகுந்து கொப்புளமும் சீழ்க்கட்டியும் உண்டாகலாம். சவரக் கத்தியால் முடி நீக்கிய சில நாள்களில் இது தோன்றுவது இயல்பு. கோடையில் வியர்வையும் உராய்வும் இதனை மிகுவிக்கும். சீழ்க்கட்டி மீண்டும் மீண்டும் வருமாயின் சர்க்கரை நோய் உள்ளதா என்று குருதிப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பதே இவ்வாறு முதன்முதலாகத் தெரியவரும் நேர்வுகள் உண்டு.

இரு அக்குளிலும் ஆண்டுக்கணக்கில் கட்டிகள் வந்து, உடைந்து, தழும்பாகி, மறுபடியும் வருவது தனியொரு நோய். அது அழுக்கினால் வருவதன்று, பிறரிடம் தொற்றுவதுமன்று. உடற்பருமனும் புகைப்பழக்கமும் அதனைக் கூட்டும். தோல் மருத்துவரிடம் தொடர் சிகிச்சை பெற்றால் அதனைக் கட்டுப்படுத்தலாம்.

மெத்தென்று, வலியின்றி, பல ஆண்டுகளாக ஒரே அளவில் இருப்பது கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். நடுவில் ஒரு கரும்புள்ளியோடு தோலோடு ஒட்டியிருப்பது தோல் நீர்க்கட்டியாக இருக்கலாம். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. பெண்கள் சிலர்க்கு அக்குளிலேயே மார்பகத் திசு பிறவியில் அமைந்திருக்கும். அது மாதவிலக்கை ஒட்டியும், கருவுற்ற காலத்திலும், மகப்பேற்றுக்குப் பின் பால் கட்டும்போதும் வீங்கி வலிக்கும். பிள்ளை பெற்ற இளந்தாய் இதனைக் கண்டு அஞ்சுவது இயற்கை. மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்துவிட்டால் அவ்வச்சம் நீங்கும்.

குழந்தைகளும் தடுப்பூசியும்

பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் பிசிஜி தடுப்பூசி போடப்படுகிறது. இம்மருந்தைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் சென்னைக் கிண்டியில் நிறுவப்பட்டது. ஊசி போட்ட சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் சிறு நெறி தோன்றும். காய்ச்சலின்றி, குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடிவருமாயின் அது பெரும்பாலும் தானே கரைந்துவிடும். நெறி பெரிதாகி, மேல்தோல் சிவந்து, மெத்தென்று சீழ் கோத்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டி வைத்தியமாகக் கீறிவிடுவது ஆறாத புண்ணுக்கு வழிவகுக்கும்.

இந்நெறிக்கு அஞ்சித் தடுப்பூசியையே தவிர்ப்பது பெரும்பிழை. செங்கற்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது உண்மை. ஆயினும் சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வடிவங்களிலிருந்து அது காக்கிறது. அதன்பொருட்டே இன்றும் போடப்படுகிறது. பெரியவர்களுக்கும் மேற்கையில் போடும் தடுப்பூசிகளால் அதே பக்கத்து அக்குளில் சில நாள் நெறி கட்டலாம். கொரோனாத் தடுப்பூசிக் காலத்தில் உலகெங்கும் மருத்துவர்கள் இதனைக் கண்டனர். எனவே அண்மையில் எந்தக் கையில் ஊசி போடப்பட்டது என்பதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

காசநோய்: மறைக்க வேண்டாத நோய்

காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியதன்று. கழுத்து நெறிகளில் அது தோன்றுவதைப் பழந்தமிழ் மருத்துவம் கண்டமாலை என்று வழங்கியது. அக்குளிலும் அது தோன்றும். வலி இராது, நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, சில வேளை சூடும் சிவப்பும் இன்றியே சீழ் கோத்து உடைகின்றன. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடைக்குறைவு ஆகியவை உடன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

திருமண வயதில் மகள் இருக்கும் வீட்டில் இந்நோயின் பெயரைச் சொல்லவே தயங்குவர். ‘சொல்லிவிட்டால் நல்ல இடம் அமையாது’ என்று பெற்றோர் எண்ணுவர். அவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. நெறியில் மட்டும் உள்ள காசநோய், நுரையீரலைத் தாக்காதவரை, இருமலாலும் மூச்சாலும் பிறருக்குப் பரவுவதில்லை. தனித் தட்டும் தனிப் படுக்கையும் தேவையில்லை. இரண்டாவது, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாயின் பொதுவாக ஆறு மாத மருந்தில் இது முற்றிலும் குணமாகும். காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்தளித்தாலும் தனி மருத்துவ இல்லத்தில் வைத்தளிப்பதற்கு ஒப்பான பயன் கிட்டும் என்பதை 1959இல் உலகுக்கு நிறுவிக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வே. அதனை நடத்திய நிலையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கெனத் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. மருந்துண்ணத் தொடங்கிய பின்னும் சிலர்க்கு நெறி முன்னைவிடப் பெருத்துக் காணும். மருந்து பயன்படவில்லை என்று கருதி இடையில் நிறுத்துவோர் உண்டு. அவ்வாறு நிறுத்துவதால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகலாம். மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது.

நோன்பாளர்க்கு இங்கே ஒரு குறிப்பு. காசநோய் மாத்திரைகள் வழக்கமாக நாளுக்கு ஒரே வேளை உண்பவை, பகலிலேயே உண்ணலாம். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை என்னும் ஒழுக்கத்திற்கு அவற்றால் இடையூறில்லை. நெடுநாள் உபவாசம் மேற்கொள்ள விரும்புவோர் மட்டும் சிகிச்சை முடியும்வரை மருத்துவரின் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும். காப்ஸ்யூல்களின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினால் ஆனது. இதனால் மனம் வருந்துவோர் மருந்தையே கைவிட வேண்டியதில்லை. மாத்திரை வடிவிலோ தாவர உறையிலோ அதே மருந்து கிடைக்குமா என்று கேட்டால் பல வேளைகளில் மாற்று கிடைக்கும்.

புற்றுநோய்: காலமே மருந்து

நிணநீர் முடிச்சுகளிலேயே தோன்றும் புற்றுநோய் ஒன்றுண்டு. வலியற்ற, ரப்பர் போன்ற நெறிகள் பல இடங்களில் வளர்வதும், உடையை நனைக்கும் இரவு வியர்வையும், ஆறு மாதத்தில் உடல் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதும் அதன் குறிகள். இளைஞர்க்கும் இது வரும். இவ்வகையுள் பல, சிகிச்சைக்கு நன்கு இணங்குபவை.

பெண்களின் அக்குள் கட்டியில் மறவாது நினைக்க வேண்டியது மார்பகப் புற்றுநோய். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்கே செல்வதால், புற்றுச் செல்கள் முதலில் தங்கும் இடமும் அக்குள் நெறியே. அரிதாக, மார்பகத்தில் எதுவும் கைக்குத் தட்டுப்படாமல் அக்குள் கட்டி ஒன்றே முதற்குறியாக நிற்பதுண்டு. மார்பகப் புற்று உற்றவர்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆண்; ஆடவரும் விதிவிலக்கல்லர்.

திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதற்பெண் உறுப்பினராகவும் விளங்கியவர். அவருடைய தங்கை நோயுற்றபோது அது சீதபேதி என்றே முதலில் கருதப்பட்டது. மலக்குடற் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1923இல் தங்கை மறைந்தார். உடன்பிறந்தாள் மருத்துவராக இருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அத்துயரமே அவரை ஒரு மருத்துவமனை எழுப்பத் தூண்டியது. முப்பதாண்டு முயற்சிக்குப் பின், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிலையத்தோடேயே வாழ்ந்தார். நோயை முற்றவிடாமல் கண்டறிதலே அவர்கள் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது. தங்கைக்கு வந்தது வேறு உறுப்பின் நோய். ஆனால் கண்டறியத் தாமதமாவதன் விலை எல்லா உறுப்புக்கும் ஒன்றே. கட்டி மார்பகத்தளவில் நிற்கும்போது வருவோர்க்குக் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். அக்குளில் புற்றேறிய நெறிகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சிகிச்சை கடினமாகிறது.

எப்போது செல்வது, என்ன நடக்கும்

கையில் புண்ணோ அண்மையில் ஊசியோ இருந்து, நெறி சிறிதாய், வலியோடு, அசைவதாய் இருப்பின் இரண்டு வாரம் கவனித்துப் பார்க்கலாம். கீழ்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் காத்திருத்தல் கூடாது: மூன்று வாரம் கடந்தும் குறையாமை, கடினமாய், அசையாமல், வளர்ந்துகொண்டே இருத்தல், கழுத்திலோ காறை எலும்புக்கு மேலோ வேறு கட்டிகள், காரணம் தெரியாத காய்ச்சலும் எடைக்குறைவும், மார்பகத்தில் கட்டி, தோல் குழிதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல்.

பெண்கள் மாதவிலக்குத் தொடங்கிய ஒரு வாரத்திற்குப் பின் மார்பகத்தோடு அக்குளையும் தொட்டுப் பார்த்தல் நல்ல பழக்கம். கையை உயரத் தூக்கினால் தசை இறுகிக் கட்டி மறையும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மறு கையின் விரல் நுனிகளை அக்குளின் உச்சிவரை செலுத்தி, மார்புச் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கித் தடவ வேண்டும்.

மருத்துவர் முதலில் கையையும் மார்பையும் கழுத்தையும் சோதிப்பார். தேவையாயின் ஸ்கேன், மேமோகிராம் எடுக்கச் சொல்வார். ஐயம் தீர ஊசியால் சிறிது திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார். ‘ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்’ என்னும் பேச்சு ஆதாரமற்றது. அவ்வச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதே நோய் பரவ இடந்தருகிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அழைத்துச் செல்லவும் கேட்கலாம். திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் இச்சோதனைகளுக்கு வழி உண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கும்.

இல்லத்தார் கடமை

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று அறநூல்கள் தானத்தை நான்காக வகுக்கின்றன. மருந்து வாங்கித் தருவது மட்டும் ஔஷத தானம் ஆகாது. தாயின் முகத்தில் கவலை கண்டு ‘என்ன அம்மா?’ என்று கேட்பதும், மருத்துவமனையின் நீண்ட வரிசையில் அவரோடு நிற்பதும், சோதனை முடிவு வரும்வரை உடனிருப்பதும் அதனுள் அடங்கும். அவ்வாறு ஒருவருடைய அச்சத்தைப் போக்கும்போது அபய தானமும் உடன் நிகழ்கிறது.

குடும்பத்தில் எல்லோர்க்கும் சோறிட்டபின் தமக்கு மிஞ்சியதை உண்பது போலவே, எல்லோருடைய நோயையும் கவனித்தபின் தம் நோயைக் கவனிப்பது இல்லத்துப் பெண்களின் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் தேர்வு முடியட்டும், திருமணம் முடியட்டும், விழா முடியட்டும் என்று நாள் தள்ளிப்போகிறது. கட்டியோ இவற்றுள் எதற்கும் காத்திருப்பதில்லை. ஆகவே, தாய்மார்களே, அக்குளில் ஏதேனும் தட்டுப்பட்டு மூன்று வாரம் கடந்திருப்பின், இவ்வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். ஆடவரே, அவர்கள் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். சென்றவருள் பெரும்பாலோர் ‘அஞ்ச வேண்டியதில்லை’ என்ற சொல்லோடு வீடு திரும்புவர். எஞ்சிய சிலர், உரிய காலத்தில் வந்தமையால் உயிர் பிழைப்பர்.

அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க!